‘யாரும் இல்லையா?’ என்பதிலிருந்து ‘என்ன தெரியும்?’ வரை

திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனிச் சாலைகள் வந்து கூடும் ஊர் செம்பட்டி. இங்கிருந்து எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும், நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்பு, சின்னாளபட்டியில் தறியும் சுங்குடியும், திண்டுக்கல்லையும் வேடசந்தூரையும் சுற்றி நூற்பாலைகள். பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஒரு தாய் இவற்றில் எதற்குப் போக முடியும், அதற்கு அவளுக்கு என்ன வேண்டும் என்று அரசு நெடுங்காலம் கேட்கவில்லை. இன்று கேட்கிறது. கேட்கும் முறையில்தான் காலத்தின் மாற்றம் தெரிகிறது.

அன்று அரசு கேட்ட கேள்வி வேறு. முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975-லும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கானது 1986-லும் வந்தன. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: தனக்கு யாரும் இல்லை, எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். மனு கிராம அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து வட்டாட்சியருக்கும் போகும். நிலம் உண்டா, வளர்ந்த மகன் உண்டா, வேறு வருமானம் உண்டா என்று விசாரிப்பார்கள். தைக்கத் தெரியுமா, எத்தனாம் வகுப்பு படித்தாய், கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாய் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இருந்ததில்லை. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மாவட்டத் தலைநகர் மதுரை. அங்கே போய் வேலைக்குப் பதிந்து வைப்பது என்பது செம்பட்டிப் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழக்கும் காரியம்.

இன்று விதவை உதவித்தொகை 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டு முதல் இந்தத் தொகை. அன்று தபால்காரர் கொண்டுவந்த மணியார்டருக்காக வாசலில் காத்திருந்தார்கள். இன்று வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வந்து சேரும் வழி நேராகியிருக்கிறது. இல்லாமையை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் இன்னும் அந்தப் பெண்ணிடமே இருக்கிறது.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரிக் கேட்டவர்கள் செம்பட்டிக்கு அருகிலேயே இருந்தார்கள். இளம் வயதில் கணவரை இழந்து, அதன்பின் மருத்துவம் படித்த டாக்டர் டி.எஸ். சௌந்தரம், கஸ்தூர்பா நினைவு நிதியின் தென்னாட்டுப் பணியை ஏற்றவர். காந்தியவாதி ஜி. இராமச்சந்திரனும் அவரும் 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1952 தேர்தலில் இதே ஆத்தூர் தொகுதியிலிருந்து சௌந்தரம் சட்டமன்றம் சென்றார். கிராமப் பெண்களை உதவி பெறுபவர்களாக மட்டும் பார்க்காமல், செவிலியாக, ஆசிரியையாக, கிராம சேவகியாகப் பயிற்றுவிக்கத்தக்கவர்களாகப் பார்த்த பார்வை அங்கே இருந்தது. 1958-ல் மத்திய சமூக நல வாரியம், பாதியில் படிப்பை விட்ட வளர்ந்த பெண்களுக்கென்று ஒரு சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியதும் அதே எண்ணத்தில்தான். விதவையும் கைவிடப்பட்டவளும் இரண்டாண்டுகளில் பள்ளிச் சான்றிதழைத் தொட்டுவிட வேண்டும், அதன்பின் வேலைக்குப் போகட்டும் என்பது அதன் கணக்கு.

இன்றைய கணக்கு மணிகளில் இருக்கிறது. 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யத் திட்டத்தில் மிகக் குறைந்த பயிற்சி 576 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்பது பயிற்சி நிறுவனத்தின் மீதுள்ள விதி. பொதுவான வயது வரம்பு 35, பெண்களுக்கு 45. சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் சோறும் தங்குமிடமும் கொடுத்துக் கற்றுத் தருகின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய முயற்சி அதற்கு மூலம். அன்று சிலருக்கு இரண்டாண்டு கிடைத்தது. இன்று பலருக்கு மூன்று மாதம் கிடைக்கிறது. எண்ணிக்கையில் பெற்றோம். ஒரு பெண் தன்னைத் தானே கண்டுகொள்ளத் தேவைப்படும் கால அவகாசத்தை இழந்தோம்.

தாய்மார்களுக்குப் பெரிய அளவில் வேலை தந்த முதல் திட்டம், வேலைத் திட்டம் என்ற பெயரில் வரவில்லை. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்குச் சோறு போட வந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணிகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. சம்பளம் சொற்பம். ஆனால் வேலை சொந்த ஊரில். நேரம் பள்ளி நேரம். தன் பிள்ளையும் அங்கேயே சாப்பிடும். ஒரு தாயின் நாளை அளந்து தைத்ததுபோல் அந்த வேலை அமைந்தது. 2022-ல் தொடங்கி 2023-ல் மாநிலம் முழுதும் பரவிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அதே அறிவு திருந்திய வடிவில் வந்தது. கிராமப்புறப் பள்ளிகளில் சமைப்பவர்கள் மகளிர் குழு உறுப்பினர்கள். அவர்கள் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தாய் என்பதே அங்கே தகுதியாகிவிடுகிறது. சமைக்காத தாய்மார்களுக்கும் இதில் பலன் உண்டு. காலை ‘மில் வண்டி’ வருவதற்குள் அடுப்பு பற்றவைத்தே தீர வேண்டும் என்ற அவசரம் சற்றுக் குறைந்திருக்கிறது.

யார் ஏழை, யாருக்கு என்ன திறன் என்று அளக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று அந்த அறிவு ஓரிருவரின் நினைவில் இருந்தது. ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணத்துக்கும் கிராம சேவகருக்கும் ஒவ்வொரு வீட்டையும் தெரியும். அந்தப் பழக்கத்தில் பரிவும் இருந்தது, பாரபட்சமும் இருந்தது. தெரு மாறினால் பார்வை மாறியது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும், 2005-ல் வந்த புது வாழ்வுத் திட்டமும் அந்த அறிவை ஊர் நடுவே கொண்டுவந்தன. ‘மக்கள் நிலை ஆய்வு’ என்று ஊரையே தரையில் வரைந்து, மிகவும் ஏழை யார், ஏழை யார் என்று ஊராரே வகைப்படுத்தி, கிராம சபையில் ஒப்புதல் பெற்றார்கள். இன்று அந்தப் பட்டியல் கணினியில் இருக்கிறது. பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் இளைஞர் திறன் திருவிழாவில் பெயர், வயது, படிப்பு, விருப்பம் பதிகிறார்கள். பாரபட்சத்துக்கு இடம் குறைந்திருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு வலிப்பு வரும், மாமியார் படுக்கையில் கிடக்கிறார் என்பதை எழுத அந்தத் திரையில் கட்டம் இல்லை. அவள் வேலையில் நிற்பதும் மூன்றாம் மாதம் திரும்பி வருவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

எந்தத் தகுதியும் கேட்காமல் வேலை கொடுத்தது ‘நூறு நாள் வேலை’. 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் அது தொடங்கியபோது, தமிழகத்தின் ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அன்று நாள்கூலி 80 ரூபாய், 2025-26-ல் 336. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று சட்டமே சொன்னது. அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ. 2023 முதல் கைபேசியில் நாளுக்கு இரண்டு படம். 2025 டிசம்பரில் அதன் இடத்தில் 125 நாள் வேலை சொல்லும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலை கேட்டு வந்த தாயிடம் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்காமலே மண்வெட்டி கொடுத்ததில் ஒரு மரியாதை இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்காமலே இருந்துவிட்டதில் ஓர் இழப்பும் இருந்தது.

அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி தலைகீழானது. 1935-ல் அங்கே வந்த உதவி, தாய் வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கட்டும் என்று நினைத்தது. 1996-ன் சட்டம் உதவி பெறும் பெற்றோரின் திறனையும் முன் அனுபவத்தையும் மதிப்பிடச் சொன்னது. மத்திய அரசின் உதவிக்கு வாழ்நாளில் 60 மாதம் என்று எல்லை வைத்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. வருமானம், நிலம், மின் பயன்பாடு பார்க்கிறார்கள். வேலைக்குப் போ என்று நிபந்தனை இல்லை. வீட்டில் அவள் செய்வதும் உழைப்பே என்று ஒப்புக்கொண்ட தொகை அது.

வேலைக்குத் தயாராவது என்பதை ஒரு பெண்ணின் படிப்பிலும் விரல் திறனிலும் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி அவளைச் சுற்றி இருக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றானபோது, படிப்பு கூடாமலே பலருக்கு வேலையின் எல்லை விரிந்தது. தறி வீட்டுக்குள் இருந்த நாளில் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பாவு சுற்ற முடிந்தது. ஆலையின் ஷிப்டில் அது முடியாது. அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். ஷிப்டு அதற்குப் பின்னும் ஓடும். 45 வயதைத் தாண்டிய தாய்க்குக் கௌசல்யத் திட்டப் பயிற்சியின் வாசல் அடைபட்டிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து அவள் கை சற்று ஓய்வதோ அந்த வயதில்தான்.

‘யாரும் இல்லையா?’ என்று கேட்டது அன்றைய படிவம். ‘என்ன தெரியும்?’ என்று கேட்கிறது இன்றைய திரை. இரண்டாவது கேள்வி முதலாவதைவிட மேலானது. அதை அடைய இரண்டு தலைமுறை ஆயிற்று. இனி சேர்க்க வேண்டியது மூன்றாவது கேள்வி: ‘எந்த நேரத்துக்கு வர முடியும், அதுவரை பிள்ளையை யார் பார்ப்பார்கள்?’ அதற்கான விடையைத் தாயிடம் கேட்டுப் பதிந்துகொள்வதோடு நிற்காமல், ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கும் அங்கன்வாடியாகவும், வயது வரம்பு தளர்ந்த பயிற்சியாகவும் அரசே அந்த விடையில் பாதியைத் தர வேண்டும்.