வீட்டில் உருவாக்கிய திறந்த வரைகலை அட்டைக்குக் கருனி இயக்கி எழுதுதல்

வரைகலை இயக்கி என்பது கணினியின் இயங்குதளத்துக்கும் திரையில் படம் காட்டும் வரைகலை அட்டைக்கும் இடையே நின்று, ஒன்றின் ஏவலை மற்றொன்றுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் ஆகும். இதன் முக்கியமான பகுதி, கெர்னல் எனப்படும் கருனிக்குள் இயங்குகிறது. கடையில் வாங்கும் அட்டைக்கான இயக்கியைப் பெரும்பாலும் அதைத் தயாரித்த நிறுவனமே தருகிறது. ஆர்வலர் ஒருவர் தாமே வடிவமைத்த அட்டைக்கோ இயக்கியையும் அவரேதான் எழுத வேண்டும். அந்தப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கணினியின் உறுப்புகளில் நீண்ட காலம் மூடிய பெட்டியாக இருந்தது வரைகலை அட்டை. அதன் உள்ளமைப்பை விளக்கும் ஆவணங்களைப் பல நிறுவனங்கள் வெளியிடவில்லை. என்விடியா அட்டைகளுக்கான ‘நூவோ’ என்னும் திறந்த மூல இயக்கி, அட்டையின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்து, அதன் உள்விதிகளைக் கண்டறிந்து எழுதப்பட்டதாகும். அது 2010இல் வெளியான லினக்ஸ் 2.6.33 பதிப்பில் இடம்பெற்றது. ஏஎம்டி நிறுவனம் 2007இல் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடும் முடிவை அறிவித்தது. என்விடியா 2022இல் தன் புதிய அட்டைகளுக்கான கருனிக் கூறுகளின் மூல நிரலைத் திறந்தது.

நிறுவனங்களுக்காகக் காத்திராமல் அட்டையையே திறந்த முறையில் உருவாக்கலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. திமோதி மில்லர் என்பவர் 2004இல் தொடங்கிய ‘ஓப்பன் கிராஃபிக்ஸ் புராஜெக்ட்’ இதற்கு முன்னோடியாகும். அதன் சார்பில் ‘ஓஜிடி1’ என்னும் மேம்பாட்டு அட்டை உருவானது. தனிச் சில்லு தயாரிக்கும் அடுத்த கட்டத்தை அத்திட்டம் எட்டவில்லை. ஆயினும், ஒரு வரைகலை அட்டையை அனைவரும் படித்தறியும்படி வடிவமைக்க முடியும் என்பதை அது காட்டியது.

அட்டையின் அமைப்பு

வீட்டில் உருவாக்கும் அட்டைகளுக்கு எஃப்பிஜிஏ என்னும் சில்லு பயன்படுகிறது. தயாரித்து முடித்த பின்னரும் இதன் உள்ளிணைப்புகளை மாற்றி அமைக்கலாம். வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் மின்சுற்றை எழுதி, அதைச் சில்லில் ஏற்றுவது வழக்கம். தவறு நேர்ந்தால் திருத்தி மீண்டும் ஏற்றலாம்.

எளிய அட்டையில் நான்கு பகுதிகள் இருக்கும். படத்தைத் தாங்கும் நினைவகம், திரைக்கு உரிய நேரத்தில் புள்ளிகளை அனுப்பும் நேரச்சுற்று, கோடும் கட்டமும் வரையும் வரைபொறி, கணினியோடு பேசும் பிசிஐ இணைப்பு ஆகியவையே அவை.

இவற்றின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். 640 × 480 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட்டு எனில், ஒரு படத்துக்கு 12,28,800 பைட்டு நினைவகம் வேண்டும். விநாடிக்கு 60 முறை காட்டினால், சுமார் 7.37 கோடி பைட்டுகளை ஒவ்வொரு விநாடியும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். திரைக்குத் தெரியாத இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு படத்தின் அளவு 800 × 525, அதாவது 4,20,000 துடிப்புகள். இதற்கான கடிகாரம் 25.175 மெகாஹெர்ட்ஸ் ஆகும். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 59.94 படங்கள் என்று விடை வரும்.

இயக்கியின் பணிகள்

அட்டையை அடையாளம் காண்பது முதற்பணி. ஒவ்வொரு பிசிஐ அட்டையும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டு 16 பிட் எண்களைக் கொண்டிருக்கும். இயக்கி, தான் அறிந்த எண்களைக் கருனியிடம் முன்பே பதிந்து வைக்கிறது. பொருந்தும் அட்டை தென்பட்டால் கருனி அந்த இயக்கியை அழைக்கிறது.

அடுத்து, அட்டையின் பதிவகங்களும் நினைவகமும் கணினியின் முகவரி வெளியில் இணைக்கப்படுகின்றன. அதன் பிறகு ஒரு குறிப்பிட்ட முகவரியில் எண்ணை எழுதினால் அது அட்டைக்கு இடும் கட்டளையாகிறது.

திரையின் அளவையும் வேகத்தையும் அமைத்தல், நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிடுதல், வரைகட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்புதல், அட்டை எழுப்பும் குறுக்கீடுகளுக்குப் பதிலளித்தல் ஆகியவை ஏனைய பணிகள். லினக்ஸில் இவற்றுக்கான பொதுச் சட்டகம் டிஆர்எம் எனப்படுகிறது. திரை அமைப்பைக் கருனியே மேற்கொள்ளும் வசதி 2009இல் வெளியான 2.6.29 பதிப்பில் சேர்ந்தது. இச்சட்டகம் இருப்பதால் புதிதாக எழுதுபவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. தன் அட்டைக்கே உரிய பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

உருவாக்கும் படிகள்

இப்பணியின் பெரிய இடர் ஒன்று உண்டு. திரையில் படம் வராவிட்டால் பிழை சுற்றிலா, இயக்கியிலா என்று தெரியாது. கடையில் வாங்கிய அட்டையானால் வன்பொருள் சரி என்று நம்பி இயக்கியில் மட்டும் தேடலாம். இங்கு இரண்டுமே புதியவை. எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்கும்படி படிகளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. நினைவகத்தையும் இயக்கியையும் சாராமல், நேரச்சுற்று தானாகவே வண்ணப் பட்டைகளைத் திரைக்கு அனுப்பும்படி அமைத்தல். பட்டைகள் தெரிந்தால் நேரச்சுற்றும் கம்பி இணைப்பும் சரி.

2. என்றும் மாறாத ஓர் அடையாள எண்ணை ஒரு பதிவகத்தில் வைத்து, இயக்கியால் அதைப் படித்தல். எல்லாப் பிட்டுகளும் 1 என வந்தால், அட்டை பதிலளிக்கவில்லை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

3. அட்டையின் நினைவகத்தில் எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடுதல்.

4. அந்த நினைவகத்தைத் திரையில் காட்டுதல். இங்கேதான் முதல் உண்மையான படம் தோன்றும்.

5. குறுக்கீடுகளையும், இறுதியாக வரைபொறியையும் சேர்த்தல்.

சோதனையின்போது கணினியில் வேறொரு வரைகலை அட்டையும் இருப்பது நல்லது. புதிய அட்டையின் திரை இருண்டால், பிழைச் செய்திகளைப் படிக்க வேறு வழி வேண்டும். தொடர் இணைப்பு வழியாகச் செய்திகளை இரண்டாவது கணினியில் பதிவு செய்வதும் உண்டு. சுற்றைச் சில்லில் ஏற்றும் முன் வெரிலேட்டர் போன்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால் பல பிழைகள் அங்கேயே பிடிபடும்.

வரிசையும் பாதுகாப்பும்

புதியவர்கள் தடுமாறும் இடம் கட்டளைகளின் வரிசையாகும். இயக்கி வரைகட்டளைகளை நினைவகத்தில் எழுதிவிட்டு, ‘தயார்’ என்று ஒரு பதிவகத்தில் எழுதி அட்டைக்கு அறிவிக்கிறது. வேகத்துக்காக மையச் செயலி எழுத்துகளின் வரிசையை மாற்றக்கூடும். அறிவிப்பு முந்திச் சென்றால், அட்டை பழைய கட்டளைகளையே படிக்கும். கடிதத்தை எழுதி முடிக்கும் முன் உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டதற்கு இது ஒப்பாகும். இப்பிழை நூறு முறை தோன்றாமல் இருந்து நூற்றோராவது முறை தோன்றலாம். இதைத் தடுக்க, நினைவகத் தடைகள் எனப்படும் கட்டளைகளை இயக்கியில் இட வேண்டும்.

சாதாரண நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். கருனியில் பிழை இருந்தால் கணினியே நின்றுவிடலாம். மேலும், வரைகலை அட்டை மையச் செயலியின் துணையின்றிக் கணினியின் நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வல்லது. பயனர் நிரல் அனுப்பும் முகவரிகளை இயக்கி சரிபார்க்காவிட்டால், ஒருவருடைய நிரல் இன்னொருவருடைய கடவுச்சொல்லைப் படிக்க வழி ஏற்படும். ஆகவே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்ப்பது இயக்கியின் கடமையாகும். அட்டை எந்த நினைவகப் பகுதிகளைத் தொடலாம் என்று வரையறுக்கும் வன்பொருள் வசதியும் பல கணினிகளில் உண்டு.

பொதுக் கருனியில் சேர்த்தல்

லினக்ஸ் கருனியின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. தனியாக வைத்திருக்கும் இயக்கி, சில பதிப்புகளுக்குப் பின் இயங்காமல் போகலாம். பொதுக் கருனியில் சேர்ந்த இயக்கியானால், இடைமுகத்தை மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்துவது வழக்கம். சேர்ப்பதற்கு முன் நிரல் பலரால் ஆராயப்படும். புதிய பயனர் இடைமுகம் தேவைப்படும் டிஆர்எம் இயக்கிகளுக்கு, அதைப் பயன்படுத்தும் பயனர் பகுதி நிரலும் திறந்த மூலமாக இருக்க வேண்டும் என்பது விதி.

வன்பொருளின் ஆவணமும் இயக்கியின் நிரலும் சேர்ந்தே ஓர் அட்டையைத் திறந்த அட்டையாக்குகின்றன. சுற்றுப்படம் வெளியிடப்பட்டு, பதிவகங்களின் பொருள் எழுதப்படாமல் இருந்தால், உருவாக்கியவர் ஓய்ந்தபின் அந்த அட்டையை இயக்க ஆள் இருக்காது. எனவே ஒவ்வொரு பதிவகத்துக்கும் அதன் முகவரி, பொருள், தொடக்க மதிப்பு ஆகியவற்றை அமைக்கும்போதே எழுதி வைப்பது இப்பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.