அரை மணி நேர விளம்பரம்: ‘இன்ஃபோமெர்ஷியல்’னா என்ன?



ஞாயித்துக்கிழமை காலைல டிவி போடறீங்க. தொகுப்பாளர் கேள்வி கேட்கறார், கோட் போட்ட ஒருத்தர் பதில் சொல்றார், ஏற்கெனவே வாங்கினவங்க வந்து சந்தோஷமா பேசறாங்க. பார்க்க பேட்டி மாதிரியே இருக்கு. ஆனா அரை மணி நேரமும் கீழே ஒரு போன் நம்பர் நகராம நிக்குது. இதுக்குப் பேர்தான் இன்ஃபோமெர்ஷியல்.

வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

இன்ஃபர்மேஷன்னா தகவல், கமர்ஷியல்னா டிவி விளம்பரம். ரெண்டையும் ஒட்டினா இன்ஃபோமெர்ஷியல். 1980களில் அமெரிக்காவுல பரவின சொல் இது. ஒரு மணி நேரத்துல இவ்வளவு நிமிஷம்தான் விளம்பரம்னு அங்கே இருந்த வரம்பை 1984-ல அந்த நாட்டு ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி எடுத்துடுச்சு. கூட்டம் பார்க்காத நடுராத்திரி நேரத்தை சேனல்கள் மலிவா வித்தாங்க, கம்பெனிகள் அரை மணி நேரமா வாங்கிக்கிட்டாங்க.

நம்ம டிவில இதுவே டெலிஷாப்பிங்கா வந்துச்சு: உடற்பயிற்சி மெஷின், ராசிக்கல், அப்புறம் வீட்டு மனை. தமிழ்ல ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’னு போடுவாங்க. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தனியா தெரியணும்னு 1994 கேபிள் டிவி விதிகளே சொல்லுது. அந்த சின்ன எழுத்தைத் தேடிப் பாருங்க.

ஏன் அரை மணி நேரம்?

30 செகண்ட் விளம்பரம் பேரை மட்டும் ஞாபகப்படுத்தும். 30 நிமிஷம் ஓடறது உங்க சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா கேள்வியை எழுதினதும் விக்கிறவங்கதான். அதனால அங்கே கேட்காத கேள்வியைத்தான் நீங்க கேட்கணும்.

எங்க திருவண்ணாமலையையே எடுத்துக்கலாம். ‘கிரிவலப் பாதையிலிருந்து 10 நிமிஷத்துல மனை’னு ஒரு நிகழ்ச்சி வருதுன்னு வைங்க. கிரிவலப் பாதையே 14 கிலோமீட்டர். அதுல எந்த இடத்திலிருந்து 10 நிமிஷம்? நடந்தா, கார்லயா? சம்பளத்துல பாதி இஎம்ஐ கட்டப் போறது நீங்க. கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

போன் பண்றதுக்கு முன்னாடி:

1. ரெரா நம்பர் இருக்கா? 500 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனைப்பிரிவு பொதுவா ரெராவுல பதிவாகணும்; விளம்பரத்துலயே அந்த நம்பரும் ஆணையத்தோட இணையதள முகவரியும் தெளிவா தெரியணும். தமிழ்நாடு ரெரா தளத்துல நம்பரைப் போட்டுப் பாருங்க.

2. அட்வான்ஸ் எவ்வளவு கேட்கறாங்க? ரெரா சட்டம் பிரிவு 13 படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணாம விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. 12 லட்சம் ரூபாய் மனைன்னா 1,20,000 வரைக்கும்தான். ‘இன்னிக்கே 3 லட்சம் கட்டினா ஆஃபர்’னா அங்கேயே நிறுத்துங்க.

3. வில்லங்கச் சான்று பார்த்தீங்களா? பதிவுத்துறை தளத்துலயே எடுக்கலாம். தாய்ப்பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

4. நிகழ்ச்சியை ரெக்கார்ட் பண்ணி வைங்க. விளம்பரத்துல சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டமானா, பிரிவு 12 படி நஷ்டஈடு கேட்கலாம். சொன்னதுக்கு அத்தாட்சி அந்த ரெக்கார்டிங்தான். மத்த பொருளுக்குன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியா ஒண்ணு. இது டிவியோட முடியல. யூடியூப்ல 20 நிமிஷம் ஒரு ஆப்பைப் புகழ்ற வீடியோவும் இன்ஃபோமெர்ஷியல்தான். காசு வாங்கியிருந்தா அதை வெளிப்படையா சொல்லணும்னு விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. அதனால எங்க சேனல் வீடியோவைப் பார்க்கும்போதும் முதல்ல இதைக் கேளுங்க: இந்தத் தகவலுக்கு யார் காசு கொடுத்தாங்க?