தோட்டக் காவலும் நாய் வளர்ப்போர் கடமையும்

கம்பம் பள்ளத்தாக்கில் நாய் புதுமையான பிராணி அன்று. பள்ளத்தாக்கின் மேற்குப் புறத்தில், மலையடிவாரத்தில் உள்ள கோம்பை என்னும் ஊர் தன் பெயரையே ஒரு நாயினத்துக்குக் கொடுத்திருக்கிறது. செந்நிற உடலும் கரிய முகமும் வலிய தாடையும் உடைய கோம்பை நாய் முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், மாட்டுக் கொட்டில், தோட்டம் ஆகியவற்றின் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களும் நமக்கு அண்டைப் பகுதிகளைச் சேர்ந்தவையே. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் இலாகா நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது இராஜபாளையம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கூறியபோது கோம்பையின் பெயரும் அதில் இடம்பெற்றது. பெருமை வந்தால் கிராக்கியும் வரும். ஆனால் குட்டி வாங்குவோருள் எத்தனை பேர், அது வீட்டுக்கு வந்த பிறகு தாம் ஏற்கும் பொறுப்பின் அளவை அறிந்து வாங்குகிறார்கள் என்பது வேறு கேள்வி.

சங்கத்தில் நீண்ட காலக் கடன் கேட்போரிடம் முதலில் தவணையைப் பற்றித்தான் பேசுகிறோம். நாயும் அத்தகைய ஒரு நீண்ட காலப் பொறுப்பே. நன்கு வளர்த்தால் அது பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர் வாழும். ஒரு நடுத்தர நாயின் உணவுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 ரூபாய். ஆண்டுக்கு 14,600 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் 1,75,200 ரூபாய். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, நோய் கண்டால் வைத்தியச் செலவு ஆகியவை இதற்குப் புறம்பானவை. "மீந்த சோறுதானே, அதற்கென்ன கணக்கு?" என்று சில அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. பாலும் சோறும் மட்டுமே உண்ணும் நாய்க்குப் புரதம் போதாது. அதன் மயிர் உதிரும், விலா எலும்பு தெரியும். பசி தாளாமல் அது அடுத்த வீட்டுக் கோழியைத் தேடும். முட்டையோ, வேகவைத்த இறைச்சிக் கழிவோ, மீனோ அதன் உணவில் சேர வேண்டும். மேலும், நம் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. ஆகையால் குழம்பு கலந்த சோற்றை நாயின் தட்டில் கொட்டுவது உதவி ஆகாது.

உணவில் கருத வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஆடு அறுக்கும் இடத்தில் கிடைக்கும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது நம் ஊர்களில் வழக்கமாக உள்ளது. அவற்றில் காணப்படும் நீர்க்கட்டிகளுள் ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கக் கூடும். அவை நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். அம்முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றை அடைந்தால், சில ஆண்டுகளில் ஈரலில் பெரிய கட்டி தோன்றும். அதற்கு அறுவைச் சிகிச்சையே வேண்டியதாகலாம். வேகவைத்துக் கொடுப்பதும், குறித்த காலத்தில் குடற்புழு மருந்து கொடுப்பதும் இதைத் தடுக்கும்.

இனி நம் பகுதிக்கே உரிய ஓர் அபாயத்தைக் கூற வேண்டும். பந்தல்களில் தொங்கும் திராட்சை நாய்க்கு நஞ்சு. ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சை ஆயினும், பன்னீர்த் திராட்சை ஆயினும் இதில் வேறுபாடு இல்லை. நீர் வற்றிச் சாறு செறிந்த உலர் திராட்சையோ இன்னும் கொடியது. இவ்வுண்மை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான் கால்நடை மருத்துவ உலகில் தெளிவாயிற்று. பழத்திலுள்ள டார்ட்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எல்லா நாய்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. ஒரு நாய் கைப்பிடிப் பழம் தின்றும் ஒன்றும் ஆகாமல் திரியும். மற்றொரு நாய் சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறக்கும். இந்த நிச்சயமின்மையே பெருங்கேடு. "போன வருஷமும் தின்றது, ஒன்றும் ஆகவில்லையே" என்ற சொல்லை நம்பித் தோட்டக்காரர்கள் உதிர்ந்த பழங்களைப் பந்தலடியில் விட்டுவிடுகிறார்கள். பன்னீர்த் திராட்சை இப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் வெட்டப்படுவதால், ஒரு பருவம் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்பதற்கும் இடமில்லை. பழம் தின்ற நாய் ஒரு நாளுக்குள் வாந்தி எடுத்து, சோர்ந்து, உணவை வெறுக்கும். பின்னர்ச் சிறுநீர் குறையும், அல்லது அடியோடு நிற்கும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால், வாந்தி வரச் செய்து, நரம்பு வழியாக நீர் ஏற்றிப் பிழைக்கவைக்க வாய்ப்பு உண்டு. சிறுநீர் நின்ற பிறகு கொண்டு செல்வதில் பயன் குறைவு. காவல் நாயை இரவில் பந்தலுக்கு உள்ளே விடாமல் வேலியோரம் கட்டுவதும், வெட்டிய அன்றே உதிரிகளைக் கூட்டி அள்ளுவதும் தோட்டக்காரர் செய்யத்தக்கவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த தொட்டியையும், யூரியா கரைத்த வாளியையும் மூடி வைக்காமல் போவதும் இதே வகைப் பிழைதான். தாகம் எடுத்த நாய் நீர் என்றே குடிக்கும். எலி மருந்து வைத்த தோட்டத்தில் நாயை அவிழ்த்து விடவே கூடாது.

நெசவாளர் வீட்டில் அபாயம் வேறு வடிவில் வருகிறது. சக்கம்பட்டி, சுப்புலாபுரம் போன்ற நெசவு ஊர்களில் தறிக்குழியின் குளிர்ச்சியை நாடிக் குட்டிகள் அங்கே படுப்பது இயல்பு. பாவுக்கு இட்ட கஞ்சியின் மணம் குட்டிக்குச் சோற்றின் மணமாகவே படும். அறுந்த இழைகளை அது மென்று விழுங்கும். நீண்ட நூல் குடலில் சென்று ஒரு முனையில் சிக்கிக்கொண்டால், குடல் அந்நூலைப் பற்றி ஏறி, சுருக்குப் பையின் வாயைப் போல மடிந்து, இறுதியில் அறுபடும். ஆசனவாயில் நூல் முனை தொங்கக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் குடல் கிழியும். தொங்குவதை அப்படியே விட்டு மருத்துவரிடம் செல்வதே வழி. கழிவு நூலை மூடியுள்ள பெட்டியில் போடும் பழக்கம் இருந்தால் இத்துன்பமே இல்லை. அந்நூலுக்கும் விலை உண்டு என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கிலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவல் என்ற பெயரால் பகலும் இரவும் நான்கடிச் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் நல்ல காவல் நாய் ஆவதில்லை. வெறுப்பும் அச்சமும் மிகுந்து, அவிழ்ந்த வேளையில் எதிர்ப்பட்டவரைக் கடிக்கும் நாயாகவே அது ஆகிறது. கோம்பை போன்ற, அந்நியரை எளிதில் நம்பாத இனங்களில் இது இன்னும் மிகுதி. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தன் 11ஆவது பிரிவில், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தராத சொந்தக்காரரைக் குற்றவாளி என்கிறது. அச்சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அத்தொகையைப் பார்த்து யாரும் அஞ்சப் போவதில்லை. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291ஆவது பிரிவு அவ்வளவு எளியதன்று. தன் பிராணியால் பிறருக்கு அபாயம் நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது இடந்தருகிறது.

இந்தப் "பிறர்" யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கக் கடனுக்கு ஜாமீன் நிற்பவர் கையெழுத்திட்டு நிற்கிறார். கடன்தாரர் தவறினால் தம் பணம் போகும் என்பது அவருக்குத் தெரியும். நாய்க்குத் தடுப்பூசி போடாதவருக்கோ தெருவிலுள்ள குழந்தைகளே ஜாமீன்தாரர்கள். அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் இந்தியர். சந்தேகத்துக்குரிய கடி பட்டோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டோர். நோய்க் குறி தோன்றிய பிறகு காக்கத்தக்க மருந்து இல்லை. தோன்றுமுன் தடுப்பதோ மிக எளிது.

நோய்க்கிருமி நாயின் உமிழ்நீரில் இருந்து, கடிவாய் வழியாக நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியே நமக்குக் கிடைக்கும் அவகாசம். கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பு இட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி இவற்றை அப்புவதும், காசு வைத்துக் கட்டுவதும், மந்திரிப்பதும் புண்ணையும் கெடுக்கும், நேரத்தையும் விழுங்கும். பின்னர் அன்றைக்கே அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அடைக. அங்கு ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் கடிபட்ட நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு தடவை செல்ல வேண்டும். இரத்தம் கசியக் கடித்திருந்தால் புண்ணிலேயே போடும் நோய் எதிர்ப்புச் சீரமும் தேவை. "தொப்புளைச் சுற்றி பதினான்கு ஊசி" என்ற பழைய அச்சம் இன்னும் சிலரை மருத்துவமனைக்குப் போகவொட்டாமல் தடுக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து நம் நாட்டில் 2005ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது கையில்.

கடித்தது வீட்டு நாய் என்றால் அதைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது. வெறி என்றால் நுரை தள்ளி ஓடும் நாய் என்றே நாம் எண்ணுகிறோம். மற்றொரு வகையும் உண்டு. நாய் அமைதியாக இருட்டில் ஒதுங்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர் அறியாமலே கிருமியை ஏற்றுக்கொள்கிறார். சின்னக் குட்டியின் பல் பட்டதைக் "கீறல்தான்" என்று விட்டுவிடுவதும் இதே போன்றது. இவ்வளவு துன்பத்தையும் தடுப்பது, குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் போடும் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்ததும், பிறகு ஆண்டுக்கு ஒன்றும்தான். ஊசி போட்ட அட்டையைச் சங்கப் பாஸ்புத்தகத்தோடு சேர்த்து வைத்தால் தேதி தவறாது.

பெண் குட்டிகளின் கதை தனி. கோம்பைக் குட்டி கேட்டு வருவோர் பலரும் ஆணையே கேட்கிறார்கள். விலைபோகாத பெண் குட்டிகள் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விடப்படுகின்றன. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து குட்டி போடும்; ஆண்டுக்கு இருமுறை சினைப்படக் கூடும். ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வைத்தால், ஆண்டுக்குப் பத்து. தெருநாய் பெருகியது என்று பேரூராட்சி மீது மனு எழுதுவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குட்டி ஈன வைக்கும் எண்ணம் இல்லாதவர் கருத்தடை அறுவையைச் செய்வித்து விடுவதே முறை. வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். விற்போரும் எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

மேகமலை அடிவாரத்தில் தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. 2021 முதல் அம்மலை புலிகள் காப்பகத்தின் பகுதி. நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பன்றியைத் துரத்துவது முன்னோர் செய்த வேட்டையாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி இன்று அது குற்றம். நாயின் நோயும் காட்டுக்குள் ஏறும். 2018ஆம் ஆண்டு குஜராத்தின் கிர்க் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் கிருமி காணப்பட்டது. நம் மலையிலுள்ள செந்நாய்க்கும் அந்நோய் வரும். காட்டோரம் வளரும் நாய்க்கு டிஸ்டெம்பர் ஊசியும் அவசியம். இரவில் கொட்டிலுக்குள் அடைப்பதும் அவசியம், ஏனெனில் வெளியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிய இரை.

பத்து வயதுக்கு மேல் நாய்க்குப் பார்வை மங்கும், காது மந்தமாகும், காவலுக்கு உதவாது. அந்தக் காலத்தில் அதை வண்டியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிட்டு வருவோரும் உண்டு. அதே 11ஆவது பிரிவு அதனையும் குற்றம் என்கிறது. வீட்டிலேயே இறந்தால், கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில் ஆழக் குழி தோண்டி, மற்ற நாய்கள் கிளறாதபடி கல் வைத்து மூட வேண்டும். வெறிநோய் என்ற ஐயம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், புதைக்கும் முன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.