கணக்கு, அறிவியல் ஆசிரியர் ஆகணுமா? டிகிரி சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். வருமானச் சான்று, சாதிச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன் என்று ஆளுக்கொரு வேலை. அதில் "டீச்சர் ஆகணும்" என்ற எண்ணத்தோடு வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலருடைய கணக்கு இப்படித்தான் இருக்கும்: முதலில் ஏதாவது ஒரு பி.எஸ்சி., அப்புறம் பி.எட்., அதற்கப்புறம் பரீட்சை. அந்த "ஏதாவது ஒரு பி.எஸ்சி."யில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐந்து வருடம் படித்து முடித்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் "உங்க டிகிரி இந்தப் பணியிடத்துக்கு இணையானது இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைத் தவிர்க்க இன்றைக்கே, கையில் இருக்கும் போனிலேயே, சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். அதற்குப் பட்டப்படிப்பு, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு எனப்படும் டெட், அதன் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வு. 11, 12-ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். அதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் கிடையாது, நேரடியாகப் போட்டித் தேர்வுதான். இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் படித்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. கணிதத்துக்குத் தாவ நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை அறிவிக்கையைப் படித்துவிடுங்கள்.

இப்போது டிகிரிப் பெயர் விஷயம். கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று நேரான பெயரில் படித்தால் கவலையில்லை. 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறி வந்த சென்னை கிறித்தவக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளில் இந்தப் பெயர்களிலேயே பாடப்பிரிவுகள் உள்ளன. ஆனால் எலக்ட்ரானிக்ஸ், பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, அப்ளைடு என்று தொடங்கும் படிப்புகள் என்று வரும்போது நின்று பார்க்க வேண்டும். ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையானதா என்பதைத் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு ஆராயும், உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் படிப்பின் பெயரும் அந்த அரசாணையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலேஜ் அலுவலகத்தில் அரசாணை எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லம்மா" என்பது பதில் ஆகாது. எண்ணும் தேதியும் வேண்டும். அது கிடைத்தால் அரசு இணையதளத்தில் அரசாணைகள் பக்கத்தில் உயர்கல்வித் துறையின் கீழ் தேடிப் பார்த்து, பி.டி.எஃப்.ஐ போனில் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று. பி.எட். சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்காக வேலைக்கும் தகுதி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பி.எட். சேர்க்கைக்கு ஒரு பட்டியல், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பணி நியமனத்துக்கு வேறொரு விதி. பி.இ. முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். 2015-16 முதல் அவர்களும் பி.எட். படிக்கலாம். பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியர் பணிக்கு வர நினைப்பவர்கள் அந்தப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். வேலையை விடுவதற்கு முன், எந்தப் பாடம், எந்த வகுப்பு வரை தகுதி என்பதைக் கடைசியாக வந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். வயதைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். 2023-இல் வந்த பட்டதாரி ஆசிரியர் அறிவிக்கையில் உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 53, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 58.

பி.எட். எங்கே படிப்பது? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டையில் இறங்கிவிடலாம். அங்கே இருக்கும் அரசு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1856-இல் தொடங்கிய நிறுவனம். டாக்டர் ராதாகிருஷ்ணன் எல்.டி. பயிற்சி பெற்றதும் இங்கேதான். மெரினா பக்கம் லேடி வெலிங்டன் கல்லூரி இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரி என்றால், அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், காரப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். பிளஸ் டூ முடித்ததும் நான்கு வருடத்தில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்த்தே முடிக்கும் வழியும் உண்டு. மைசூரில் 1963-இல் தொடங்கிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் உரியது.

"காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம். நீங்கள் இழப்பது அதைவிடப் பெரியது. இரண்டு வருட பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஒரு உதாரணம் பார்ப்போம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டது. தப்பு என்று சிவப்பு மையில் போடுவதற்கு பி.எட். தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தது? இரண்டு பந்தில் ஒன்றை அடித்தான், அடுத்து மூன்று பந்தில் ஒன்றை அடித்தான், மொத்தம் ஐந்து பந்தில் இரண்டு. விளையாட்டுத் திடலில் அந்தக் கணக்கு சரி! அங்கே சரியாக வருவது தோசையைப் பங்கு போடும்போது ஏன் வரவில்லை என்று பிள்ளையையே யோசிக்க வைப்பதுதான் கற்பித்தல். அரைத் தோசையோடு இன்னொரு துண்டையும் சேர்த்த பிறகு, அரைத் தோசையைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? இந்த ஒரு கேள்வி, விதியைப் பத்து முறை எழுத வைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகப் பாடம் நடத்தத் தெரிவது ஒன்று. இரண்டுக்கும் நடுவில், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரிவது இன்னொன்று. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். அது புத்தகத்தில் கொஞ்சமும் வகுப்பறையில் நிறையவும் வருவது. நம்ம ஊர்க்காரர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைந்த கணிதக் குழுவுக்குத் தலைவர், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் முக்கியப் பிரச்சினைகளில் பிள்ளைகளின் பயத்தையும், ஆசிரியர்களுக்குப் போதிய தயாரிப்பு இல்லாததையும் அந்தக் குழு குறிப்பிட்டது.

அறிவியலில் இன்னொரு சவால். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே புத்தகம். விலங்கியல் படித்தவரும் ஓம் விதியை நடத்தியாக வேண்டும். இயற்பியல் படித்தவரும் ஒளிச்சேர்க்கையை விளக்கியாக வேண்டும். அதனால் டிகிரி படிக்கும்போதே மற்ற பாடங்களின் பள்ளிப் புத்தகங்களை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாடநூல்களை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் பாடங்கள் காணொலிகளாக இருக்கின்றன. அவற்றை மாணவராகப் பார்க்காமல் ஆசிரியராகப் பாருங்கள். "இந்த இடத்தில் நான் என்ன கேள்வி கேட்டிருப்பேன்?" என்று நிறுத்தி நிறுத்தி யோசித்தால் அரை மணி நேரக் காணொலி ஒரு நல்ல பயிற்சி வகுப்பு. தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பழகினால் இன்னும் நல்லது.

தேர்வுக்கு வருவோம். கணக்கு, அறிவியல் பட்டதாரிகள் எழுதுவது டெட் இரண்டாம் தாள். 150 கேள்வி, குழந்தை வளர்ச்சி 30, தமிழ் போன்ற மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. பலர் தங்கள் பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்வது இந்த 60-இல்தான். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 2,448 பேர்தான் தேறினார்கள். அப்போது நேரம் ஒன்றரை மணிதான். பிறகு மூன்று மணியாக மாறியது. ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட் அவசியம், ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டெட் தேறியதும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி பணிக்குத் தனிப் போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரி 4-இல் நடந்தது அதுதான். அதில் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுத்தால்தான் உங்கள் பாடத் தாளையே திருத்துவார்கள்.

கடைசியாகச் சான்றிதழ்கள். வாரியத்தின் விண்ணப்பத்துக்கு உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள்; பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலில் ஓ.டி.பி. போனால் பின்னாடி அலைச்சல்தான். சாதிச் சான்றை இ-சேவையில் வாங்கும்போது கிடைக்கும் குடிமக்கள் கணக்கு எண்ணைக் குறித்து வையுங்கள், அடுத்தடுத்த சான்றுகளுக்கு அதே எண்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இடஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். டிகிரி வரை தமிழில் படித்துவிட்டு, பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழிச் சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். அறிவிக்கை வந்த பிறகு, ஒன்றாம் வகுப்பு படித்த ஊருக்குப் போய்த் தலைமையாசிரியரைத் தேட நேரம் இருக்காது. கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம்.