ஏழு ஸ்வரங்களில் ஒரு மொழி

டோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி. மேலை இசையின் இந்த ஏழு ஸ்வரப் பெயர்களை மட்டுமே வைத்து ஒரு முழு மொழியை உருவாக்கினார், பிரான்ஸ் நாட்டு இசை ஆசிரியர் ஃபிரான்சுவா சுத்ர். சோல்ரெசோல் என்பது அதன் பெயர். அதைப் பேசலாம், பாடலாம், வாயே திறக்காமல் வயலினிலும் வாசித்துச் சொல்லலாம். எவ்வளவு அழகான கற்பனை! 'மிசோல்' என்றால் நன்மை. அதையே திருப்பி 'சோல்மி' என்றால் தீமை. ஆனால், ஸ்வரமாக மட்டும் இசைக்கும்போது சொல்லேதான் மெட்டு. இனிமைக்காக ஒரு ஸ்வரத்தை மாற்றினாலும் பொருள் மாறிவிடும். ஆகவே, இசையமைப்பாளருக்கு அங்கே சுதந்திரம் குறைவு. சுத்ர் 1862-இல் மறைந்தார். வாழ்நாளெல்லாம் உழைத்த அந்த மொழிக்கான நூல் வெளிவந்தது, 1866-இல்தான்.