போர்ட்டும் சாக்லேட்டும்

மைசூர்பாகு ஒரு துண்டு தின்ற கையோடு காபியை வாயில் விட்டுக் கொண்டவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. "சர்க்கரையே போடவில்லையா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்போம். போட்ட சர்க்கரை போட்டபடியே இருக்கும், நாக்குத்தான் ஏமாந்திருக்கும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் மேஜைக்கு வரும் போர்ட் என்னும் ஒயினுக்கும் சாக்லேட்டுக்கும் உள்ள சிநேகத்தின் இரகசியமும் இதுவே. பண்டத்தைக் காட்டிலும் ஒயின் அதிகம் தித்திக்க வேண்டும்; இல்லாவிடில் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும்.

சாதாரண ஒயினில் திராக்ஷையின் சர்க்கரை பெரும்பாலும் நொதித்து ஆல்கஹாலாக மாறிவிடுகிறது. போர்ச்சுகல் தேசத்தில், டூரோ நதியின் செங்குத்தான மலைச்சரிவுகளில் விளையும் போர்ட் திராக்ஷைக்கு வேறு முறை. சாறு பாதி நொதித்திருக்கும்போதே, திராக்ஷையிலிருந்து வடித்த கடுஞ்சாராயத்தை, நாலு பங்கு சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு வீதம் கலந்து விடுகிறார்கள். ஈஸ்ட் மடிந்து போகிறது. மிஞ்சிய சர்க்கரை பிழைத்துக் கொள்கிறது. அதனால்தான் அந்தத் தித்திப்பு; அதனால்தான் நூற்றுக்கு 20 பங்கு ஆல்கஹாலும்!

போர்ட்டிலும் ஜாதிகள் உண்டு. இளமையான 'ரூபி' செக்கச் செவேலென்று பழவாசனை வீசுவது. கசப்பு மிகுந்த கறுப்புச் சாக்லேட்டுக்கு அது ஜோடி. மரப்பீப்பாயில் பத்து, இருபது வருஷம் கிடந்து நிறம் வெளிறிய 'டானி'யில் வாதுமையும் காய்ச்சிய சர்க்கரையும் மணக்குமாம். பால் சாக்லேட், டாபி, கொட்டைப் பருப்பு மிட்டாய்களுக்கு அதையே சிபாரிசு செய்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கைத்தடி போன்ற பெப்பர்மிண்டு மிட்டாயோடு மட்டும் எதுவும் சேருவதில்லை. முழுச் சர்க்கரையான அதன் முன்னே எந்த ஒயினும் தோற்கும். போதாததற்கு அந்தக் குளிர்ச்சி வேறு. (இவற்றையெல்லாம் நாம் குடித்துப் பார்த்து எழுதுவதாக நேயர்கள் எண்ண வேண்டாம். மைசூர்பாகு ஒன்றே சொந்த அனுபவம்.)

நமக்கு வியப்பளிப்பது ருசியல்ல, சரித்திரம். 1824-ம் வருஷம் பர்மிங்ஹாம் நகரில் ஜான் காட்பரி என்பவர் ஒரு கடை திறந்தார். க்வேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த அவர் மதுவை அடியோடு வெறுத்தவர். தேயிலை, காபி, கோக்கோ ஆகியவை மலிந்தால் ஏழை ஜனங்கள் சாராயத்தை விடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பிரிஸ்டல் நகரத்து ப்ரை குடும்பத்தாரும், யார்க் நகரத்து ரௌண்ட்ரீ குடும்பத்தாரும் க்வேக்கர்களே. ஜானின் புதல்வர்கள் 1879-ல் தொழிற்சாலையை ஊருக்கு வெளியே கொண்டு சென்றனர். அதைச் சுற்றிப் பின்னர் எழுந்த போர்ன்வில் கிராமத்தில், தோட்டம் உண்டு, விளையாட்டு மைதானம் உண்டு. மதுக்கடை மட்டும் கூடாது என்று விதித்தார்கள்.

மதுவை விரட்டப் புறப்பட்ட கோக்கோ இப்போது அதே மதுவுக்குத் துணையாக ஒரே தட்டில் வந்து உட்காருகிறது. அதோடு நின்றதா? மதுவைத் தன் வயிற்றிலேயே அடைத்துக் கொண்ட சாக்லேட்டும் பண்டிகைப் பெட்டிகளில் வருகிறது. பதினாறு வயது நிரம்பாத குழந்தைக்கு அதை விற்பது இங்கிலாந்தில் குற்றமாக இருந்தது. 2015-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் அப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தால், மூடியிலுள்ள பொடி எழுத்தைப் பெரியவர்கள்தாம் படித்தாக வேண்டும். ஜான் காட்பரி இவை எதையும் பார்க்கவில்லை. அவர் 1889-லேயே காலமாகிவிட்டார்.