உடைந்த வெப்பமானியைப் பெருக்கித் தள்ளாதீர்கள்

காய்ச்சலை அளக்கும் பழைய கண்ணாடி வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம். உடைந்து சிதறினால் அது அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும். நிறமும் மணமும் அற்ற அந்த ஆவி, மூச்சுவழி உட்சென்று நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. கருவிலுள்ள சிசுவுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தீங்கு மிகுதி.

கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையொன்றில் கண்டறியப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடோ 2016இல்தான் ஏற்பட்டது. நீர்நிலையை அடையும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன்வழி நம் உணவில் சேர்கிறது.

ஒரு வெப்பமானியில் உள்ளது சிறிதளவே, பதற வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பம் பட்டால் துளிகள் மேலும் சிதறும். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள குப்பியில் அடையுங்கள். சாக்கடையில் கொட்டினால் அது கீழக்குயில்குடிக் கண்மாயைச் சென்றடையக்கூடும். குப்பியையும், வீட்டில் உடையாமல் கிடக்கும் பழைய வெப்பமானிகளையும் எங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் வெப்பமானியே போதுமானது.